பலகை வடிவு, கணக்கு எங்கே?

உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைகள் குழுப் பரிசோதனைகளை எதில் பதியப் போகிறார்கள் என்று கேட்டால், இந்த வருடம் என்னிடம் வந்த பதில் ஒன்றுதான்: மிரோ. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "பெரியவன் கொழும்பில ஐடி கொம்பனியில அதிலதான் வேலை செய்யிறான் சேர், இவனும் அதையே பழகட்டும்" என்றார் ஒரு தாய். பெரியவனுக்கு மடிக்கணினி, அறாத இணைப்பு, கொம்பனி பணம் கட்டிய கணக்கு. சின்னவனுக்கு வீடே மாறி மாறிப் பாவிக்கும் ஒரு போன், முடிந்தபோது போடும் ரீலோட்.

மிரோவைத் தவிர மற்றக் கருவிகளை எல்லோரும் அறிவார்கள். வட்ஸ்அப் குழு அறிவித்தலுக்கு மட்டும். அதில் போட்ட அளவீடு விடிந்தால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கிடக்கும். ட்ரெல்லோ, டொயோட்டா ஆலைகளின் கன்பன் அட்டை முறையை ஒட்டியது: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. குழுவில் வேலைக்கு ஒளிக்கிறவர் இருந்தால் நல்ல மருந்து. கூகுள் ஷீட்ஸும் சீ.ஆர். கொப்பியும் இருக்கின்றன. நான் கொப்பிக்காரன், அதை மறைக்கவில்லை.

மிரோ பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். 2011இல் ரியல்டைம்போர்ட் என்று தொடங்கி 2019இல் பெயர் மாறிய, எல்லையில்லாத வெள்ளைப் பலகை அது. யோசனைகளைக் கொட்ட, அம்புக்குறி கீற, இங்கிருக்கும் குழுவும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அக்காவும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச, அதைப்போல இல்லை. பிழை அதில் அளவீட்டைச் சேமிப்பதில் இருக்கிறது.

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் களப்பு நீரின் உவர்ப்பைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். உவர்ப்புமானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துப் பக்கம் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் அளவு தெரியும். அப்படி ஒரு குழு எடுத்ததைப் பலகையில் பார்த்தேன். மஞ்சள் துண்டில் "18", பச்சைத் துண்டில் "உப்புக் கூட", பக்கத்தில் ஒரு நண்டுப் படம். திகதி இல்லை, நேரம் இல்லை, வற்றா பெருக்கா என்பதும் இல்லை. யாரோ பெருவிரலால் இழுத்ததில் ஒரு துண்டு அடுத்த இடத்தின் கட்டத்துக்குள் போய்விட்டது. இப்படிச் சிதறிய துண்டுகளைத் திகதிப்படி நிரைப்படுத்த முடியாது, சராசரி எடுக்க முடியாது. பலகை மட்டும் நல்ல வடிவு. பெற்றோர் வந்து படமெடுத்துப் போனார்கள்.

இன்னொன்று, இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய பலகை மூன்றுதான். நாலாவது பரிசோதனைக்குப் பழையதை அழிக்கிறார்கள். கூகுளின் ஜாம்போர்ட் பலகையை நம்பியிருந்தவர்களுக்கு 2024 டிசம்பர் 31உடன் அதுவும் இல்லை. ஷீட்ஸையும் தவணைக்கு ஒருமுறை இறக்கி அச்சடிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒழுங்காக எழுதி வைத்த அளவீடு பிறகு எதற்கு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை வயல் பரிசோதனை 1843இல் தொடங்கியது. 1919இல் அங்கு வேலைக்குப் போன புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர், பல வருடத்து விளைச்சலையும் மழையையும் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்தார். எழுதி வைத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. கீறத் தெரிந்தவளிடம் மிரோவைக் கொடுங்கள். தவணை முடிவில் முடிவுகளை அவள் படமாக்கட்டும். எண்களோடு இருக்கக்கூடியவனை ஷீட்ஸில் இருத்துங்கள். தம்பி, அண்ணன் பாவிப்பதை அண்ணன் பாவிக்கட்டும். உன் கைக்கு எது வசப்படுகிறது என்று ஒரு தவணை பொறுத்துப் பார்.

இப்போதைக்கு, மாரி பிடிக்க முன் கொப்பியில் நிரல்களைக் கீறுங்கள்: திகதி, நேரம், இடம், ஆழம், வற்றா பெருக்கா, உவர்ப்பு, அளந்தவர். மழைத் தண்ணீர் களப்பில் இறங்கிவிட்டால் உவர்ப்பு சடாரென்று விழும். அதற்கு முந்திய அளவீட்டைப் பிறகு போய் எடுக்க ஏலாது.