வரும் பறவைகளும் வாழும் பறவைகளும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நிறையத் தொடங்குகின்றன. அந்நாட்களில் நம் வயல்களிலும் மின்கம்பிகளிலும் புதிய பறவைகளைக் காணலாம். தகைவிலான், வாலாட்டி, உள்ளான், சூறைக்குருவி முதலியன வடக்கேயிருந்து வருபவை. காகம், மைனா, செம்போத்து, கரிச்சான் முதலியன ஆண்டு முழுவதும் நம்மோடு வாழ்பவை.

ஏன் வருகின்றன?

குளிருக்கு அஞ்சியே அவை வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். குளிரை இறகு தாங்கும், பசியைத் தாங்காது. வடக்கே நிலமும் நீரும் உறையும்போது புழு பூச்சிகள் கிடைப்பதில்லை. பகற்பொழுது குறைவதை உணர்ந்ததுமே பறவை உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறது. சூரியனும் விண்மீன்களும் பூமியின் காந்தமும் அதற்கு வழிகாட்டுகின்றன. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்து, இமயத்தையே தாண்டி வருகிறது. இவ்வறிவை அதற்கு அளித்தவன் அல்லாஹ் அல்லவா!

எல்லாப் பறவையும் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. நத்தைகொத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் ஆகியவை நம் நாட்டிற்குள்ளேயே மழையைத் தேடிச் சென்று கூடு கட்டுபவை. மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் அவற்றுக்கென 1977இல் சரணாலயம் ஏற்பட்டது. அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், குஞ்சுகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

நபிமொழியில் இரு பறவைகள்

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஹுத்ஹுத் என்பது கொண்டலாத்தி. ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் அறிந்த பறவை. மதுரைச் சமவெளியில் தரையைக் கொத்தி இரை தேடும் அதை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். ஸுரத் என்பது கீச்சான் இனம். அவ்வினத்தில் பழுப்புக் கீச்சான் ஆசியாவின் வடகிழக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறது. ஆக, ஒன்று வீட்டுக்காரர், மற்றொன்று விருந்தாளி. இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு.

ஒரு சிறுவரின் ஐயம்

பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி (1896–1987) சிறுவராக இருந்தபோது ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் அடையாளம் இருந்ததால், இதை உண்ணலாமா என்று ஐயம் கொண்டு பெரியவர்களிடம் காட்டினார். அந்தக் கேள்வியே அவரைப் பறவை ஆராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது.

நாம் செய்ய வேண்டியவை

“அறுத்து உண்ண ஆகுமான பறவைதானே, பிடித்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். கொக்கு, நாரை, காட்டு வாத்து போன்றவற்றை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நாட்டின் சட்டத்தைப் பேணுவது நம் கடமை. மேலும், மழைக்காலத்தில் தாய்ப் பறவை பிடிபட்டால் கூட்டிலுள்ள குஞ்சுகள் பட்டினியால் மடியும். அந்தப் பாவத்திற்கு யார் பொறுப்பு? வாங்குபவர் இருப்பதால்தான் வலை விரிப்பவரும் இருக்கிறார்.

ஆகவே சாலையோரத்தில் விற்கும் காட்டுப் பறவைகளை வாங்காதீர்கள். பிள்ளைகளின் கையில் உண்டிவில்லைக் கொடுக்காதீர்கள். மாறாக, பறவைகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். விருந்தாளிகள் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுவார்கள். இங்கேயே தங்கும் பறவைகளுக்கு அப்போதுதான் தாகம் மிகும். மொட்டை மாடியில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திற்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.