முத்துத்தாண்டவரும் மூவகை அளவையும்

சீகாழிப் பதியில் தோன்றித் தில்லைக் கூத்தப்பிரான்மீது கீர்த்தனங்களும் பதங்களும் பாடிய முத்துத்தாண்டவரின் பெயரைச் சைவவுலகம் நன்கறியும். அருணாசலக் கவிராயர் (1711–1779), தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) என்னும் இருவரோடும் சேர்த்துத் தமிழிசையின் ஆதி மும்மூர்த்திகளுள் ஒருவராக வைத்து எண்ணப்படுபவர் இவர்; மூவருள் காலத்தால் முற்பட்டவரும் இவரே. ஆயினும் இவரைப் பற்றி அறிய விரும்பி நூல் தேடுவார்க்கு எளிதிற் கிடைப்பன அற்புதச் செய்திகள் சிலவும், தம்முள் மாறுபடும் ஆண்டுக் கணக்குகளுமேயாம். இவற்றுள் எதனை எவ்வளவிற் கொள்ளுவது?

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவைகளை முன்னர் வகுத்துக்கொண்டே பொருளாராய்ச்சியிற் புகுந்தார். காண்டல், கருதல், உரை என்னும் அம்மூன்றும் முப்பொருள் உண்மைக்கே சிறப்பாக உரியன எனினும், ஓர் இசைப்புலவர் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கும் அவை வழிகாட்டுவனவாம். ஒவ்வோர் ஆதாரத்தினிடமும் அது விடை கூறவல்ல வினாவையே வினவல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் வற்புறுத்துவது.

முதலாவது காண்டல். முத்துத்தாண்டவர் விஷயத்திற் கண்கூடாக உள்ளவை அவர் பாடல்களே. ஏறக்குறைய 60 கீர்த்தனங்களும் 25 பதங்களும் நமக்குக் கிடைத்துள்ளன. தமிழிசை இயக்கம் வளர்ந்த 1940-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகளும், அதற்கு முன்னும் பின்னும் வந்த அச்சுப் பிரதிகளும் தேடத்தக்கன. ஒரு பதிப்போடு அமையாது இரண்டு மூன்றனை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துக்கொள்ளல் நன்று.

ஆனால் காட்சியும் ஐயந் திரிபின்றி இருத்தல் வேண்டுமன்றோ? பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருத்தலைக் கண்டு, இன்று அரங்கிற் கேட்கும் வர்ணமெட்டே புலவர் அமைத்ததெனக் கொள்ளுதல் இப்பியை வெள்ளியென்று காணுதலோடொக்கும். அவர் பாடிய மெட்டுக்கள் பெரும்பாலும் மறைந்தன. இப்பொழுது வழங்குவனவற்றுட் பல, இருபதாம் நூற்றாண்டின் வித்துவான்கள் அமைத்தவை. அவை இனியவை, போற்றத்தக்கவை. எனினும் அவற்றைக்கொண்டு முத்துத்தாண்டவரது இசைப்புலமையை அளவிடல் கூடாது. அச்சுப் பிரதி சொல்லுக்குச் சான்றாகும், பண்ணுக்குச் சான்றாகாது.

இரண்டாவது கருதல். புகையாகிய ஏதுவைக் கண்டே நெருப்பைத் துணிகின்றோம். ஏதுவின்றி அநுமானம் நில்லாது. இவர் வாழ்ந்த காலம் 1525 முதல் 1600 வரை என்று ஒரு சாரார் எழுதுவர். 1560 முதல் 1640 வரை என்று பிறிதொரு சாரார் எழுதுவர். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஆதலின் ஒரு நூலில் ஆண்டைக் கண்டவுடன் அதனைப் படியெடுத்தலை விடுத்து, அவ்வாண்டிற்கு ஆசிரியர் காட்டும் ஏது யாதென வினவுக. ஏது காட்டப்படாத ஆண்டு எத்துணை நூல்களில் திரும்பத் திரும்ப வரினும் ஒரு சான்றேயன்றிப் பல சான்றுகளாகாது.

திருவாரூரிற் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளுக்கு இவர் முற்பட்டவர் என்பது இருசாரார்க்கும் உடன்பாடு. அதனாலன்றோ பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் உறுப்பமைந்த கீர்த்தனத்திற்கு இவர் முன்னோடி என்று கூறுகின்றனர். இக்கூற்றின் வலிமை ஒரு சிறு செய்தியைப் பொறுத்தது. அவ்வுறுப்புப் பெயர்கள் பழைய ஏடுகளிலேயே உள்ளனவா, அன்றி அச்சிட்டோர் பிற்கால வழக்குப்பற்றி இட்டனவா? பெயர் பிற்காலத்ததாயினும் அமைப்பு முற்காலத்ததாதல் கூடும். இதனை ஏடு கொண்டே துணிதல் வேண்டும்.

மூன்றாவது உரை. பசியால் வாடிச் சீகாழித் திருக்கோயிலில் இரவு தங்கிய புலவர்க்கு அம்மை சிறுமியாய் வந்து அமுதளித்து, தில்லைக்குச் சென்று அங்கு முதலிற் கேட்கும் சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்தனள் என்பது கர்ணபரம்பரை. அரவு தீண்டியபொழுது அம்பலவாணனையே மருந்தாகப் பாடி உய்ந்தனர் என்றும், இறுதியில் மணிவாசகர் பெற்ற பேற்றை வேண்டிப் பாடிச் சோதியிற் கலந்தனர் என்றும் கூறுவர். இவ்விரண்டு செய்திகளுக்கும் உரிய பாடல்கள் இன்றும் உள்ளன. நிகழ்ச்சியிலிருந்து பாடல் பிறந்ததோ, பாடலின் கருத்திலிருந்து பிற்காலத்தார் நிகழ்ச்சியை உணர்ந்தனரோ என்பது ஆராயற்பாலது. பிறவிப் பிணிக்கு மருந்தாக இறைவனைக் கூறுதல் நம் அருளாளர் மரபாதலின், அப்பாடற்குப் பாம்பின் விடம் ஒன்றே காரணமாதல் வேண்டுவதில்லை. இங்ஙனங் கூறுதல் அடியார் பெருமையைக் குறைப்பதாகாது. ஆகமவுரைக்குள்ள பிரமாணத்தைச் செவிவழிச் செய்திக்கு ஏற்றாமையே ஆகமத்திற்கு நாம் செய்யும் மரியாதை. செவிவழிச் செய்தி ஆண்டினை அறிவியாது. மக்கள் அப்பாடல்களை எந்நிலையில் நின்று கேட்டனர் என்பதை அறிவிக்கும்.

இனி, தேடுவார் செல்லவேண்டிய இடங்களைச் சுருங்கக் கூறுவோம். மு. அருணாசலம் எழுதி, அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த தமிழ் இசை இலக்கிய வரலாற்றையும், வீ. ப. கா. சுந்தரம் தொகுத்த தமிழிசைக் கலைக்களஞ்சியத்தின் நான்கு தொகுதிகளையும் முதலிற் காண்க. பழைய அச்சுப் பிரதிகளுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஏடுகளுக்கு உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் தஞ்சைச் சரசுவதி மகாலும் நாடத்தக்கன. ஒரு நூலகத்திற் புலவர் பெயராற் கிட்டாதது, பாட்டு முதற்குறிப்பாலோ தலத்தின் பெயராலோ கிட்டுதலும் உண்டு.

இவையனைத்தினும் விரைந்து செய்தற்குரியது வேறொன்றுளது. ஓதுவார்களும், நாகசுர வித்துவான்களும், பதங்களுக்கு அபிநயம் பயிற்றும் நட்டுவனார்களும் தத்தம் முன்னோர்பாற் கேட்ட மெட்டுக்களை இன்னும் நினைவில் வைத்திருத்தல் கூடும். ஏடு நூறாண்டு காத்திருக்கும். முதியவர் நினைவு காத்திராது. அவர்களை அணுகிப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்து, யாரிடம் எவ்வூரிற் கற்றனர் என்பதையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். திருமடங்கள் தம்மிடமுள்ள ஏட்டுச் சுவடிகளுட் கீர்த்தனக் கட்டுக்கள் உளவா என ஆராய்ந்து பட்டியல் வெளியிடுதலும் பெரும்பணியாகும். சாத்திரச் சுவடிகளைப் பேணிய கைகள் இசைச் சுவடிகளையும் பேணுமாறு அம்பலவாணன் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.