பழைய தளவாடங்களுக்குப் புதுப் பூச்சு

தோட்டப்புற வீடுகளின் அடுக்களையில் முன்பெல்லாம் கம்பி வலைக் கதவுடைய ஓர் அலமாரி இருக்கும். எறும்பு ஏறாதிருக்க அதன் நான்கு கால்களையும் நீர் நிரப்பிய தகரக் குவளைகளில் நிறுத்தி வைப்பர். மிஞ்சிய குழம்பும் திறந்த பால் டின்னும் அதனுள்ளேதான் இருக்கும். குளிர்பதனப் பெட்டி வந்ததும் அதற்கு வேலை குறைந்தது. குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பல அலமாரிகள் பழைய சாமான் கடைகளுக்குச் சென்றன. இன்று இளந்தம்பதியர் பலர் அவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பிக்க விரும்புகின்றனர். பாராட்டத்தக்க விருப்பமே. ஆனால், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பு அறிய வேண்டியது ஒன்றுண்டு.

முதலில் மரத்தைப் பார்ப்போம். அலமாரியைச் சற்றே தூக்கித் தரையில் தட்டுங்கள். மாவு போன்ற வெளிறிய தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் உயிருடன் இருக்கிறது என்று பொருள். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூட்டுகள் ஆடினால் பசையிட்டு இறுக்கிவிடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீர்பட்டு உப்பியிருந்தால் அதற்கு மருந்தில்லை.

இனி, மேலே உள்ள பூச்சுக்கு வருவோம். பழைய எனாமல் பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. வெண்மை நிறத்துக்கும், பளிச்சிடும் மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கும் ஈயக் கலவைகள் நெடுங்காலம் பயன்பட்டன. ஈயம் கொண்ட மஞ்சளோடு நீலத்தைக் கலந்தே பச்சையும் செய்யப்பட்டது. நம் அடுக்களை அலமாரிகளில் எத்தனை பச்சை நிறமுடையவை என்பதை வாசகர்கள் நினைவுகூர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பூச்சிலும் தளவாடங்களிலும் ஈயத்துக்கு 1978-இல் தடை வந்தது. எல்லா நாடுகளும் அதே காலத்தில் அவ்வாறு செய்துவிடவில்லை. ஆகவே, வயது தெரியாத பூச்சு எதுவாயினும் அதில் ஈயம் உண்டென்றே கருதிக்கொள்வது அறிவுடைமை.

பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும்வரை அபாயம் குறைவு. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் கண்ணுக்குப் புலப்படாத தூசி எழுந்து, தரையிலும் பாயிலும் விளையாட்டுச் சாமான்களிலும் படிகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. உடலில் சேரும் ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது, கற்கும் ஆற்றல் குறைகிறது, கவனம் சிதறுகிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது விடுவதில்லை.

இதை எழுதும் நானே அத்தவற்றைச் செய்தவன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், விடுமுறைக்கு வந்த வீட்டில், பழைய மேசை ஒன்றை வரவேற்பறையிலேயே வைத்து ஒரு பகல் முழுதும் தேய்த்தேன். அக்காளின் மகன் அத்தூளில் விரலால் படம் வரைந்துகொண்டிருந்தான். அதைக் கண்டு எல்லாரும் சிரித்தோம். விவரம் அறிந்த பின்னர் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் கூசுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? பழைய பூச்சு உரியாமல் இருந்தால் அதை அகற்றவே வேண்டாம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். அடுக்களைச் சாமான்களில் இதுவே பாதி வேலை, பிசுக்கின்மேல் எந்தப் பூச்சும் நில்லாது. பின்னர் நீர்படினும் கெடாத கறுப்பு உப்புத்தாளை நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் இலேசாகத் தேயுங்கள். அதற்குமேல் அடிப்பூச்சு ஒரு தடவையும், நிறப்பூச்சு இரு தடவையும் மெல்லியதாகப் பூசினால் பழைய ஈயம் உள்ளேயே அடங்கிவிடும். புதிதாக வாங்கும் பூச்சின் டப்பாவில் ஈயம் கலவாதது என்று குறித்திருக்கிறதா எனப் பாருங்கள்.

பூச்சு உரிந்து தொங்கினால், வீட்டுக்கு வெளியே நெகிழித்தாள் விரித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது. நுண்தூசி தடுக்கும் முகக்கவசம் வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அண்ட விடாதீர்கள். சுரண்டிய சேற்றைப் பையிலிட்டுக் கட்டுங்கள். கீரைப்பாத்தியிலோ கோழிக்கூண்டருகிலோ கொட்டாதீர்கள். உடுத்திய துணியைத் தனியே துவையுங்கள். நெருப்பு காட்டிப் பூச்சை உரிப்பதும், பூச்சுள்ள பழைய பலகையை வெந்நீர் அடுப்புக்கு விறகாக்குவதும் கூடவே கூடாது. பல் முளைக்கும் குழந்தை கடிக்கக்கூடிய பழைய தொட்டிலையோ கட்டிலையோ புதுப்பிக்க முற்படாமல் விட்டுவிடுவதே நன்று.

வண்ணம் பூசாது, வார்னிஷ் மட்டும் கண்ட மரமாயின் மரச்சாயம் ஏற்றலாம். வண்ணம் மரத்தை மறைக்கும். சாயம் அதன் ரேகைகளை எடுத்துக்காட்டும். ஆனால் வெறும் மரமே சாயத்தை உறிஞ்சும். பழைய வார்னிஷ் முற்றும் நீங்கிற்றா என்பதை அறிய, ஒரு துளி நீர் விடுங்கள். அது முத்துப்போல் நின்றால் இன்னும் நீங்கவில்லை. 120-ஆம் எண் தாளாலும் பின்பு 180-ஆம் எண் தாளாலும், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் சாயம் ஏறியதும் கறுத்துத் தெரியும். சாயத்தை முதலில் அடிப்பலகையில் சோதித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

ரப்பர் மரத் தளவாடம் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி. அதன் வெளிறிய நிறம் சாயத்தைச் சீராக ஏற்கும். நம் முன்னோர் 25, 30 ஆண்டுகள் பால் வெட்டியபின் அம்மரம் பெரும்பாலும் விறகாயிற்று. வெட்டிய உடனே போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர்தான், 1980-ஆம் ஆண்டுகளில், அது நாடறிந்த தளவாட மரமாயிற்று.

சாயம் ஒரு நாள் உலர்ந்தபின் வார்னிஷை மும்முறை மெல்லியதாகப் பூசுங்கள். மழை பெய்யும் பிற்பகலில் பூசினால் உலர்வது தாமதப்படும். வெயில் ஏறும் காலைப்பொழுதே ஏற்றது.

எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காய்கையில் வெப்பம் எழும். சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் தேங்கி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே தீப்பற்றிக்கொள்ளும். அவற்றை வெளியே விரித்துக் காயப்போடுங்கள்; அல்லது நீருள்ள தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள். அலமாரிக்குள் பாத்திரங்களை அடுக்குவது, பூச்சின் வாடை முற்றும் நீங்கிய பிறகு.