குபேரக் கோலத்தில் பத்தொன்பதைக் கழித்துப் பாருங்கள்

கணக்குக் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்கள்: "டீச்சர், எண்ணுக்கு நிஜமாகவே சக்தி இருக்கா?" முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவள் நான், தினமும் கோலம் போடுகிறவளும்கூட. புதிதாக எண்களோடு பழக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. யார் எதைச் சொன்னாலும் முதலில் கையால் போட்டுப் பாருங்கள். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949-ல் கண்டெடுத்த 6174 அதற்கு நல்ல தொடக்கம். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வரும் விடையையும் அப்படியே செய்யுங்கள். 2025-ல் தொடங்கினால் 4995, 5355, 1998, 8082, 8532, பிறகு 6174. அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் நகராது. எங்கே தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே போய்ச் சேரும். என்னை நம்ப வேண்டாம், நீங்கள் பிறந்த ஆண்டைப் போட்டுப் பாருங்கள்.

2. காரணம் கிடைக்கும்வரை விடாதீர்கள். பூஜையறையில் போடும் குபேரக் கோலத்தை நாற்பது வயதுவரை வெறும் கோலமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மேல்வரிசை 27, 20, 25. நடுவரிசை 22, 24, 26. கீழ்வரிசை 23, 28, 21. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 72. ஒரு வெள்ளிக்கிழமை, என்ன தோன்றியதோ, ஒவ்வொரு கட்டத்திலும் 19-ஐக் கழித்தேன். 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இடம் மாற்றினால், ஆமை முதுகில் ஆற்றிலிருந்து வந்தது என்று சீனர்கள் கதை சொல்லும் லோ ஷூ கட்டம், அச்சு அசலாக! கையில் அரிசிமாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் ஏன் 24? நடுக்கட்டத்தின் வழியே நான்கு கோடுகள் போகின்றன. நான்கையும் கூட்டினால் நான்கு 72. அந்தக் கூட்டலில் ஒன்பது கட்டங்களும் ஒருமுறை வந்துவிடும். அதுவே மூன்று 72. மிஞ்சும் ஒரு 72, நடு எண் கூடுதலாக மூன்றுமுறை வந்ததால் வந்தது. அப்படியென்றால் நடுவில் 24-ஐத் தவிர வேறு எதுவும் நிற்க முடியாது. 1 முதல் 9 வரை எண்களை வைத்து இப்படி ஒரு கட்டம்தான் உண்டு. மற்றவையெல்லாம் அதையே திருப்பியவை, கண்ணாடியில் காட்டியவை. காரணம் தெரிந்ததால் எனக்குக் கோலத்தின் மேல் இருந்த மரியாதை குறையவில்லை. இப்போது முன்பைவிட நிதானமாகப் போடுகிறேன்.

3. எண்ணின் குணத்தையும் மனிதர் கொடுத்த பொருளையும் அஞ்சறைப் பெட்டி மாதிரித் தனித்தனியாக வையுங்கள். 108-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 1, இரண்டு 2, மூன்று 3, எல்லாவற்றையும் பெருக்கினால் 108. இது அந்த எண்ணுக்கே சொந்தம். ஒழுங்கு ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை என்பது, வட்டத்தை 360 பாகையாக நாம் பிரித்ததால் வந்தது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்பது வானத்தை நாம் பங்குபோட்ட கணக்கு. 108 திவ்ய தேசம், ஜப்பானியக் கோயில்களில் ஆண்டின் கடைசி இரவில் 108 முறை அடிக்கும் மணி ஆகியவை பக்தியின் அறையில் இருக்கட்டும். அங்கே அவை அழகாக இருக்கின்றன. ஆனால் சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் சூரியனின் விட்டத்தைப்போல் மிகச்சரியாக 108 மடங்கு என்று யாராவது சொன்னால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக 107 அரை வரும். சந்திரனுக்கு 110-க்குமேல். கிட்டத்தட்ட என்பது வேறு, சரியாக என்பது வேறு.

4. ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் மறுபடி ஒன்பதில் போய் நிற்கும். நாம் பத்துப்பத்தாக எண்ணுகிறோம், பத்தில் ஒன்று குறைந்தால் ஒன்பது. அதனால்தான். எட்டெட்டாக எண்ணும் முறையில் இந்தப் பெருமை 7-க்குப் போய்விடும்.

5. எட்டாம் தேதி பிறந்த பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். மொய்க் கவரில் 101 வைப்பது வாழ்த்து. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி ஒரு குழந்தையின் முகத்தை வாடவைப்பது பாவம். என் வகுப்பில் அப்படி வாடிய முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

6. காரணத்தையும் எழுதிவையுங்கள். 1729 கதை உங்களுக்குத் தெரியும். லண்டன் பட்னியில் நோயாளியாகக் கிடந்த ராமானுஜனிடம், தான் வந்த டாக்ஸியின் எண் 1729, அதில் ஒன்றும் விசேஷமில்லை என்றார் கணித அறிஞர் ஹார்டி. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச்சிறிய எண் அதுதான் என்றார் ராமானுஜன். 1-ன் கனமும் 12-ன் கனமும். 9-ன் கனமும் 10-ன் கனமும். அந்த நொடியில் திடீரென்று உதித்ததல்ல அது. நோட்டில் அவர் முன்பே எழுதிப் பழகிய எண். நாமகிரித் தாயார் தந்தது என்று அவர் தன் கணக்கைச் சொன்னதை நான் ஒருபோதும் சிரித்து ஒதுக்கமாட்டேன். அந்தப் பக்தியோடு அவர் ராப்பகலாகப் போட்ட கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளுக்கு நிரூபணம் தேடி கணித அறிஞர் ப்ரூஸ் பெர்ன்ட் எழுதிய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. உங்களுக்குத் தாளுக்குப் பஞ்சமில்லை. 1729-க்கு அடுத்து இப்படி வருவது 4104. அதன் இரண்டு ஜோடிகளைக் கண்டுபிடித்து, எப்படித் தேடினீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள்.