வாழையடி வாழையும் உயிரித் தொழில்நுட்பமும்

"வாழையடி வாழையாகத் தழைத்து வாழ்க" என்று மணமக்களைப் பெரியோர் வாழ்த்துவது நம் வழக்கம். அந்த வாழ்த்தினுள் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கக்கூடிய விதை இல்லை. தாய்மரத்தின் கிழங்கிலிருந்து எழும் பக்கக்கன்றே அடுத்த மரமாகிறது. தாயின் சுவையும் மணமும் கன்றுக்கு அப்படியே வருகின்றன. தாயைப் பற்றிய நோயும் அவ்வாறே வந்துவிடுகிறது! இந்த இடரைக் களைய உயிரித் தொழில்நுட்பம் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை, நம் மதுரைக்கு அண்மையிலுள்ள மலைத்தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு அறிவோம்.

மலைவாழைக்கு வந்த கேடு

திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் காப்பி, மிளகு முதலியவற்றோடு கலந்து மலைவாழை பயிராகிறது. விருப்பாச்சி, சிறுமலை என்னும் இவ்விரு வகைகளும் 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. விருப்பாச்சிப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு. ஆகவே பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு அது மிகவும் ஏற்றது.

இத்தகைய வாழையை முடிக்கொத்து நோய் தாக்கியது. இது வைரஸ் எனப்படும் நச்சுயிரியால் வருவது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. நோயுற்ற மரத்தில் புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். இளமையிலேயே நோய் கண்ட மரம் குலை தள்ளாது. இந்நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

இந்நோய் பரவும் வழிகள் இரண்டு. ஒன்று, நோயுற்ற தாயின் கன்றை எடுத்து நடுவது. மற்றொன்று, வாழை அசுவினி என்னும் சிறுபூச்சி. அது நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சிய பின் நல்ல மரத்தில் சென்று அமர்கிறது. இவ்விரு வழிகளிலும் நோய் பரவவே, கீழ்ப்பழனி மலைகளில் மலைவாழைப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. நோயற்ற கன்று கிடைப்பதே அரிதாயிற்று.

கண்ணாடிக் குடுவையில் கன்று

இந்நிலையில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள் திசு வளர்ப்பு முறையில் நச்சுயிரியற்ற மலைவாழைக் கன்றுகளை உருவாக்கினர். அம்முறையின் படிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவதாக, நல்ல தாய்மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் நச்சுயிரி இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்கின்றனர். அடுத்து, கன்றின் உள்ளே இருக்கும் மிகச் சிறிய முளைநுனியை வெட்டி எடுக்கின்றனர். விரைவாக வளரும் அந்நுனியில் நச்சுயிரி மிகக் குறைவாகவே இருக்கும். சில வேளை அறவே இராது. சர்க்கரை, தாது உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த ஊடகத்தில், கிருமி புகாத குடுவைக்குள் அந்நுனியை வைக்கின்றனர். அதிலிருந்து பல தளிர்கள் கிளைக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பிரித்து வளர்க்க, ஒரே நுனியிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகள் கிடைக்கின்றன. பின்னர் வேர்விடச் செய்து, நிழற்குடிலில் வைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கிய பிறகே தோட்டத்திற்கு அனுப்புகின்றனர்.

தாய்மரத்தைச் சோதியாமல் விட்டால் இதே முறை நோயையும் நூறு மடங்காக்கிவிடும். ஆதலால் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் தேசியத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2006-இல் ஏற்படுத்தியது. கன்று வாங்குவோர் சான்றைக் கேட்டு வாங்குவது நலம்.

திசு வளர்ப்பும் மரபணு மாற்றமும் ஒன்றே எனச் சிலர் எண்ணுவர். அது சரியன்று. 2002-இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டுள்ளது. திசு வளர்ப்பு வாழையிலோ வெளி மரபணு எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

கன்று மட்டும் போதுமா?

போதாது. திசு வளர்ப்புக் கன்று நோயற்றதே அன்றி, நோயை எதிர்க்கும் ஆற்றல் பெற்றதன்று. பக்கத்துத் தோட்டத்தில் நோயுற்ற மரம் ஒன்று நின்றால், அசுவினி வழியாக அது புதுக்கன்றையும் பற்றிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் வரலாறு இதற்குச் சான்று. 1920-களில் அங்கும் இந்நோயால் வாழைத் தோட்டங்கள் பாழாயின. மகீ என்னும் ஆய்வாளர் அசுவினியே நோயைக் கடத்துகிறது என்பதைக் கண்டறிந்தார். நோயுற்ற மரங்களை அழிப்பதும், நல்ல கன்றை மட்டுமே நடுவதும் எல்லா விவசாயிகளுக்கும் சட்டக் கடமையாயின. வாழைத் தொழில் மீண்டும் தழைத்தது. அன்று திசு வளர்ப்பு முறை நடைமுறைக்கு வரவில்லை. அவர்களைக் காத்தது ஒன்றுபட்ட உழைப்பே!

நாம் செய்யக்கூடியது

ஆனையூரில் வயல்கள் குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. எனினும் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில், ஓரிரு வாழைகள் நிற்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவற்றின் உச்சி இலைகளை நாம் உற்று நோக்க வேண்டும். முடிக்கொத்து கண்டால் முதலில் மருந்து தெளித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். முந்தி மரத்தைச் சாய்த்தால் பூச்சிகள் அடுத்த மரத்திற்கு ஏறிவிடும். அதன் பின்னரே கிழங்கோடு தோண்டி, துண்டாக்கி அழிக்க வேண்டும். அம்மரத்தின் கன்றை எவருக்கும் கொடுத்தல் ஆகாது.

ஆய்வுக்கூடம் நல்ல கன்றைத் தரலாம். அதைக் காப்பது அண்டை அயலாரின் பொறுப்பு. அறிவியலைக் கற்போம், அண்டை வீட்டாரின் தோட்டத்தையும் நம் தோட்டமாக எண்ணிக் காப்போமாக!