கோலும் வாளும்

விடுமுறையில் பொன்முடிக்குச் செல்லும் நம் குடும்பங்கள், மலையிலிருந்து இறங்கிச் சுமார் 60 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் வந்து, பத்மநாபசுவாமியைத் தரிசித்த பின்பே ஊர் திரும்புவார்கள். மூன்று வாசல்கள் வழியே பெருமாளைச் சேவிக்கும் நாம், அக்கோயிலை ஆண்டவர்கள் யார் என்பதையும் அறிவது நல்லது.

முற்காலத்தில் அதை ஆண்டது 'எட்டரை யோகம்' என்னும் சபை. போற்றிமாரும் ஒரு குறுப்பும் சேர்ந்து எட்டு ஓட்டு. மன்னருக்கோ அரை ஓட்டுதான்! புஷ்பாஞ்சலி சுவாமியார் என்ற துறவி மலரிட்டு அர்ச்சிப்பார். பூசைக்குத் தலைவர் பெரிய நம்பி, நிர்வாகத்துக்கு ஸ்ரீகாரியம், நிலவரி தண்ட எட்டு வீட்டுப் பிள்ளைமார். வேலையைப் பிரித்த முறை நல்லதே. ஆனால் பதவிகள் பரம்பரைச் சொத்தாகி, அதிகாரப் போட்டி வளர்ந்தது.

இதே கதை அயர்லாந்தின் கிறிஸ்தவ மடங்களிலும் நடந்தது. மடத்தை நிறுவிய புனிதரின் வாரிசாகக் கருதப்பட்டவர் 'கோவார்ப்'. மட நிலங்களைக் கவனித்தவர் 'எரனாக்'. பாட்ரிக் முனிவரின் அர்மா மடத்தில் 965 முதல் 1134 வரை தலைமை ஒரே குடும்பத்திடம் இருந்தது. அவர்களில் பலர் குருப்பட்டம் பெறாத இல்லறத்தார். 1105-இல் தலைமைக்கு வந்த கெல்லாக் முறைப்படி குருப்பட்டம் பெற்றுச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அவர் தமக்குப்பின் வரவேண்டும் என விரும்பிய மலாக்கி வெளியார். குடும்பத்தார் விடவில்லை, புனிதக் கோலை எடுத்துக்கொண்டு போனார்கள். கோலை வைத்திருப்பவரே ஆயர் என்று பாமர மக்கள் நம்பினார்களாம்!

திருவனந்தபுரத்தில் நடந்தது வேறு விதம். யோகத்தாரையும் பிள்ளைமாரையும் அடக்கிய மார்த்தாண்டவர்மர், 1750 ஜனவரியில் தம் வாளைப் பெருமாள் முன் வைத்து நாட்டையே அவருக்கு அர்ப்பணித்தார். பின் 'பத்மநாபதாசர்' என்ற பெயருடன் வாளைத் திரும்பப் பெற்றார். அதாவது, நாடு பெருமாளுடையது. மன்னர் வெறும் ஊழியர்.

"அதிகாரம் பல குடும்பங்களிடமிருந்து ஒரே குடும்பத்துக்குப் போயிற்று, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. அதனால்தான் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றதோடு, மாவட்ட நீதிபதி தலைமையில் நிர்வாகக் குழுவுக்கும் வழி செய்தது. ஊழியர் என்று சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது. கணக்குக் கேட்க ஒருவர் வேண்டும்.

அன்பர்களே, நம் சங்கத்திலும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. முத்திரையும் சாவியும் நம் கைக்கு வரும் நாளில், கோலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நினைத்துக்கொள்வோம். கையில் இருப்பதாலேயே அது நமதாகி விடாது.