செத்த வைரஸ் டி செல்லை எழுப்புமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நான் கிளென்மார்கன் எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். லைன் வீட்டுப் பக்கம் திரிந்த நாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. ஊட்டி ஜி.எச்.சில் புண்ணைச் சுற்றி ஒரு ஊசியும், இரண்டு கையிலும் தோலில் ஊசியும் போட்டார்கள். மூன்று தவணை முடிந்தது. 28-ஆம் நாள் ஊசி பாக்கி. அதற்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள், “அது செத்த வைரஸ்ப்பா, டி செல்லை எழுப்பாது, ஆன்டிபாடி மட்டும்தான் வரும்” என்கிறாள். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அதுதான் வீரியமான மருந்து என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். எனக்குக் கிடைத்தது அரைகுறைப் பாதுகாப்புதானா?

பதில்: கூலி போனாலும் நாலாவது தவணையைப் போட்டுவிடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். உங்கள் மகள் சொன்னதில் பாதி சரி.

டி செல்களில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. ஒன்று, வைரஸ் புகுந்த செல்லையே கொன்றுபோடும். மற்றது யாரையும் கொல்லாது. பி செல்களை முடுக்கி நல்ல ஆன்டிபாடியைச் செய்ய வைக்கும். கொல்லும் கூட்டத்தை நன்றாகக் கிளப்ப வேண்டுமானால், வைரஸ் செல்லுக்குள் புகுந்து அங்கேயே தன் புரதங்களை உற்பத்தி செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் புரதத் துண்டுகள் எம்.எச்.சி. முதல் வகை மூலக்கூறில் ஏறி, செல்லின் மேற்பரப்பில் தெரியும். ரேபிஸ் தடுப்பூசிக்கான வைரஸைப் பீட்டா-புரொப்பியோலாக்டோன் என்ற ரசாயனத்தால் கொன்றுவிடுகிறார்கள். அதன் மரபுப்பொருள் சிதைந்துபோவதால் பெருக வழியில்லை. மகள் படித்தது இதைத்தான்.

உதவும் கூட்டத்துக்கோ உயிருள்ள வைரஸே தேவையில்லை. தோலில் காத்திருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் செத்த வைரஸை முழுசாக விழுங்கி, துண்டு போட்டு, எம்.எச்.சி. இரண்டாம் வகையில் ஏற்றிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்கு நடக்கின்றன. கையில் ஊசி போட்டால் அக்குளில் சிலருக்கு நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். அங்கே அந்தத் துண்டுக்குப் பொருந்துகிற உதவும் டி செல் விழித்துப் பெருகுகிறது. விழுங்கியதில் ஒரு சிறு பங்கை முதல் வகையிலும் ஏற்றிவிடும் டென்ட்ரைட்டிக் செல்களும் உண்டு. அதனால் கொல்லும் டி செல்களும் கொஞ்சம் எழும். உயிருள்ள தடுப்பூசி எழுப்பும் அளவுக்கு இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ரேபிஸ் வைரஸின் மேல்தோலில் இருக்கும் புரதம் ஒன்றே ஒன்று, கிளைக்கோபுரதம். வைரஸை முடக்கும் ஆன்டிபாடி பிடிக்க வேண்டியது அதைத்தான். உள்ளே ஆர்.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோபுரதத்தை எந்த ஆன்டிபாடியும் வெளியிலிருந்து தொட முடியாது. ஆனால் உதவும் டி செல்களை அதிகம் எழுப்புவதில் இந்த உள்புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிளைக்கோபுரதத்தைப் பிடித்த பி செல், வைரஸை மொத்தமாக உள்ளிழுத்து, உள்புரதத்தின் துண்டுகளையும் வெளியே காட்டுகிறது. அதை அடையாளம் காணும் டி செல் வந்து அந்த பி செல்லுக்குக் கைகொடுக்கிறது. வைரஸைக் கொன்றாலும் முழு உருவில் வைத்திருப்பதன் லாபம் இது. உதவும் டி செல் உங்கள் மேஸ்திரி மாதிரி: தானே கொழுந்து பறிக்காது, ஆனால் அது இல்லாவிட்டால் கூடை நிரம்பாது.

ரேபிஸில் நமக்கு வேண்டியதும் இந்த வரிசைதான். கடித்த இடத்திலிருந்து வைரஸ் நரம்புக்குள் நுழையும் முன் ஆன்டிபாடி அதை மடக்க வேண்டும். நரம்பு செல்லுக்குள் போன பிறகு, அதைக் கொல்லும் டி செல்லால் நன்மையைவிடச் சேதம் அதிகமாகலாம். உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்யக் குறைந்தது ஏழு, பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் புண்ணைச் சுற்றிப் போட்ட ஊசி. அது தடுப்பூசி இல்லை, ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடி. தோலில் 0.1 மில்லி போதுமா என்ற சந்தேகமும் வேண்டாம்; டென்ட்ரைட்டிக் செல்கள் தோலில்தான் மண்டிக் கிடக்கின்றன. தசையில் போடுவதற்கு இதைவிடப் பல மடங்கு மருந்து வேண்டும்.

இனி தொப்புள் ஊசி. அதுவும் செத்த வைரஸ்தான். 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கொண்டுவந்த முறை. செம்மறியாட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, பீனால் என்ற பொருளால் கொன்றார்கள். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் ஆட்டு மூளைத் தடுப்பூசிதான் நெடுங்காலம் தயாரானது. சிம்ஸ் பார்க் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். அந்த மருந்தின் வம்பும் டி செல்லில்தான் இருந்தது. வைரஸோடு ஆட்டின் மூளைப் பொருளும் உள்ளே போனதால், சிலருக்கு டி செல்கள் அதையும் எதிரியாகக் கற்றுக்கொண்டு அவர்களுடைய நரம்புகளின் மயலின் உறையையே தாக்கின. கை கால் விழுந்தவர்கள் உண்டு. டி செல்லை எழுப்பினால் மட்டும் போதாது, எதன் மேல் எழுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம். 2004-இல் இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது, நல்லவேளை. இப்போது வீரோ செல்லிலோ கோழிக்கரு செல்லிலோ வளர்த்துச் சுத்திகரித்த வைரஸ்தான் ஊசியில் இருக்கிறது. அதைப் பலவீனம் என்று பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

கொரோனாவுக்கு வந்த கோவாக்சினும் பீட்டா-புரொப்பியோலாக்டோனால் கொன்ற முழு வைரஸ்தான். அதில் டி செல்லை வேண்டிய பக்கம் திருப்ப, டி.எல்.ஆர். 7, 8 ஏற்பிகளைத் தூண்டும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்தார்கள். மகளிடம் சொல்லுங்கள், இது பற்றிப் படிக்க அவளுக்குப் பிடிக்கும்.

28-ஆம் நாளுக்கு வருவோம். முதல் மூன்று தவணையில் எழுந்த பி செல்கள், உதவும் டி செல்களின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சலித்தெடுக்கப்படுகின்றன. வைரஸை இறுக்கமாகப் பிடிப்பவை மட்டும் தங்குகின்றன. கடைசித் தவணை அந்தத் தேர்ந்த கூட்டத்தைப் பெருக்கி நினைவு செல்களை நிலைப்படுத்துகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது டி செல்லை மந்தமாக்கும். ஊசிச் சீட்டை ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போதாவது மறுபடி நாய் கடித்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் புண்ணைக் கழுவிவிட்டு அந்தச் சீட்டைக் காட்டுங்கள். கடித்த அன்றும் மூன்றாம் நாளும் என இரண்டே தவணை. புண்ணைச் சுற்றிப் போடும் ஊசி தேவைப்படாது.